லாங் பீச்சில் பேய்களின் பட்டறை

கலிஃபோர்னியாவின் தெற்கே, பசிபிக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் லாங் பீச். கோடையில் அங்கே கூடுகிறவர்கள் கடலுக்காகவும் வெயிலுக்காகவும் வருகிறவர்கள். தெருவெங்கும் வெளிர் நிற உடைகளும் ரப்பர் செருப்புகளும்தான். ஆனால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு வார இறுதி மட்டும் மாநாட்டு மையத்தைச் சுற்றியுள்ள நடைபாதைகள் கறுத்துவிடுகின்றன. கறுப்புச் சட்டை, கறுப்புக் குடை, கறுப்பு உதட்டுச்சாயம். சூனியக்காரித் தொப்பியோடு ஒரு பாட்டி சாலையைக் கடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகும் பேத்தியின் முகத்தில், தையல் போட்ட காயம்போல அழகாக ஒப்பனை செய்திருக்கிறார்கள். இருவரும் சிக்னலுக்குக் காத்திருந்து, வலமும் இடமும் பார்த்து, கவனமாக மறுபக்கம் சேர்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் போகும் இடம் 'மிட்சம்மர் ஸ்க்ரீம்'. 2016இல் தொடங்கிய திகில் ரசிகர் மாநாடு இது. ஹாலோவீன் அக்டோபர் கடைசியில் வருகிறது. அதற்கு மூன்று மாதம் முன்பே அதைக் கொண்டாடத் தொடங்கிவிடுகிறவர்களின் கூட்டம். கொரோனா காலத்தில் இடையில் நின்றுபோய், 2022இல் மறுபடி லாங் பீச்சில் கூடியது.

திகில் ரசிகர்கள் என்றதும் படம் பார்க்கிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களும் வருகிறார்கள், நடிகர்களிடம் கையெழுத்து வாங்க நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் இந்த மாநாட்டின் உயிர் வேறு ஒரு கூட்டத்திடம் இருக்கிறது. பேய் வீடு கட்டுகிறவர்கள் அவர்கள். பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. அதைவிடப் பெரும் எண்ணிக்கையில், தங்கள் சொந்த வீட்டுக் கார் ஷெட்டிலும் முன்வாசல் புல்தரையிலும் கட்டுகிறவர்கள். பகலில் ஆசிரியராகவோ மின்பணியாளராகவோ கணக்கராகவோ இருந்துவிட்டு, இரவில் பிளைவுட் அறுத்துக்கொண்டிருப்பவர்கள். நான் பார்க்க விரும்பியது இவர்களைத்தான். பார்த்தபின் ஒன்று உறுதியாகத் தோன்றியது: பிறரைப் பயமுறுத்துவதையே வாழ்நாள் ஆசையாகக் கொண்ட இந்த மனிதர்கள், பயப்படப்போகிறவரின் உடம்பையும் மனத்தையும் பற்றி ஓயாமல் யோசிக்கிறார்கள். வேறு எந்தக் கேளிக்கைத் தொழிலிலும் இவ்வளவு அக்கறையை நான் கண்டதில்லை.

மாநாட்டு மையத்தின் பெரிய கூடம் ஒன்றை முழுக்க இருட்டாக்கி, அதற்கு 'ஹால் ஆஃப் ஷாடோஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிழல்களின் கூடம். வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் ஊதாவும் பச்சையுமாக மங்கிய விளக்குகள், முழங்கால் உயரத்துக்குப் புகை. நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பேய் வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தை நமக்குத் தருவதில்லை. வெளிச்சமான அறைக்குப் பின் இருட்டான அறை, அதற்குப் பின் மறுபடி ஒரு வெளிச்சம் என்று மாற்றி மாற்றி வைத்து, பார்வையை நிலைகொள்ளாமலே வைத்திருக்கிறார்கள்.

கூடத்துக்குள் சிறு சிறு பேய் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சில நிமிட நடைதான். ஒன்றின் முகப்பு பாழடைந்த மருத்துவமனை, இன்னொன்று சுரங்கம், மற்றொன்று குழந்தைகள் காப்பகம். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் பேய் வீட்டுக்குள் போய்வந்தவர்களுக்கு இதன் அடிப்படை புரியும்: இருட்டான பாதை, திருப்பங்கள், திடீரென்று ஒரு கை. இங்கே வேறுபடுவது நுணுக்கம். சுவரில் மாட்டியிருக்கும் பழைய குடும்பப் படத்தை நாம் உற்றுப் பார்க்கிறோம். பார்க்கத் தூண்டும்படி அதன்மேல் மட்டும் மெல்லிய ஒளி. அந்த நொடியில், எதிர்ச்சுவரில் இருக்கும் பலகை 'தடார்' என்று கீழே விழுந்து, திறந்த சதுரத்தில் ஒரு முகம் தெரிகிறது. 'டிராப் பேனல்' என்பது அதன் பெயர். கயிறு, காந்தம், சரியும் பலகை: அவ்வளவுதான் பொறி. சத்தத்துக்கு நம் உடம்பு துள்ளுவது மூளை யோசிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கண் இமை மூடத் தொடங்குவதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆகவே பயத்தை உண்டாக்குவது பெரும்பாலும் காதுதான். முகமூடி அதற்குப் பின்னால் வருகிறது.

நான் இதைவிட ரசித்தது அந்தப் பலகை இருந்த இடத்தை. வருகிறவரின் முதுகுப் பக்கமாக, சற்றுத் தள்ளி. பயந்தவர் முன்னோக்கித்தான் ஓட முடியும். 'முன்னோக்கிப் பயமுறுத்து' என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எதிரே நின்று பயமுறுத்தினால் வந்தவர் பின்வாங்குவார். பின்னால் வரும் குழந்தையின்மேல் மோதுவார். குறுகிய பாதையில் நெரிசலாகும். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பயமுறுத்தினால் கூட்டம் தானாகவே வெளிவாசலை நோக்கி நகரும். அலறலுக்குள்ளேயே போக்குவரத்து ஒழுங்கு இருக்கிறது. இன்னொரு விதி: நடிகர் பார்வையாளரைத் தொடக் கூடாது. ஒரு சாண் தூரம்வரை வரலாம், மூச்சு படும் அளவு வரலாம், தொடக் கூடாது. சில இடங்களில் காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கட்டிப்போட்டு, இழுத்து, அவமானப்படுத்தி அதைத் 'தீவிர அனுபவம்' என்று விற்கிறார்கள். அது வன்முறை. அதற்கும் இந்தக் கைவேலைக்கும் உறவே கிடையாது என்பது என் முடிவு. கட்டிப்போட்டவரைப் பயமுறுத்த எந்தத் திறமையும் வேண்டியதில்லை.

கூடத்தின் நடுவே ஒரு வெற்றிடம். திடீரென்று அங்கே கூட்டம் விலகி வழிவிடுகிறது. கிழிந்த கோட்டு அணிந்த உருவம் ஒன்று முழு வேகத்தில் ஓடிவந்து, முழங்காலில் விழுந்து, சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டே போகிறது. உலோகம் பொருத்திய முழங்கால் கவசமும் கையுறையும் தரையில் உரச, தீப்பொறி தெறிக்கிறது. அடுத்தவர் குட்டிக்கரணம் அடித்துச் சறுக்குகிறார். அதற்கடுத்தவர் படுத்திருக்கும் நால்வரைத் தாண்டிப் பாய்ந்து சறுக்குகிறார். 'ஸ்லைடர்' என்கிறார்கள். 'டிகேய்ட் பிரிகேட்' என்ற குழுவின் இந்தக் காட்சிக்காகவே பலர் வருகிறார்கள். திரையும் கிராஃபிக்ஸும் இல்லாமல், உடம்பும் தகடும் தரையும் மட்டுமே கொண்டு செய்யும் வித்தை. பார்க்கிறபோது நெஞ்சு படபடக்கிறது. முடிந்ததும் அந்த 'பிணங்கள்' எழுந்து, குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்கின்றன.

இந்த வித்தை பிறந்த ஊர் அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பியூனா பார்க். அங்கே 1920களில் வால்டர் நாட் என்ற விவசாயி சாலையோரம் பெர்ரிப் பழம் விற்றார். 1934இல் அவர் மனைவி கார்டீலியா, கல்யாணச் சீராக வந்த பீங்கான் தட்டுகளில் கோழிக்கறி விருந்து பரிமாறத் தொடங்கினார். கூட்டம் பெருகி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக நாட் 1940இல் ஒரு பழைய மேற்கத்திய ஊரைக் கட்டத் தொடங்கினார். ஆளில்லாத சுரங்க ஊர் என்பதால் அது 'கோஸ்ட் டவுன்'. பிற்பாடு முழுக் கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்த அந்த இடத்தில் 1973 அக்டோபரில் மூன்று இரவுகள் ஹாலோவீன் நிகழ்ச்சி வைத்துப் பார்த்தார்கள். அதுதான் 'நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம்'. கோழிக்கறி வரிசைக்காகக் கட்டிய தெருவில் புகையை நிரப்பி, அதற்குள் ஆட்களை ஒளித்துவைத்தார்கள். அந்தத் தெருக்களில்தான் ஸ்லைடர்கள் உருவானார்கள். கேளிக்கைப் பூங்காக்கள் ஹாலோவீனை ஒரு முழுப் பருவமாக நடத்த வழிகாட்டியது இதுவே. யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஆர்லாண்டோவில் தன் ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கியது 1991இல்தான்.

மிட்சம்மர் ஸ்க்ரீமின் பெரிய மேடையில் இந்த நிறுவனங்களெல்லாம் அந்த ஆண்டின் பேய் வீடுகளை அறிவிக்கின்றன. புதுப் பெயர் ஒன்று திரையில் வந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். அதன் பின்னால் இருக்கும் பணத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்: 2023 ஹாலோவீனுக்கு அமெரிக்கர்கள் செலவழிக்கும் தொகையை அந்நாட்டின் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 1,220 கோடி டாலர் என்று கணித்தது. மேடை நிகழ்ச்சி அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கால்கள் மறுபடி மறுபடி இருட்டுக் கூடத்துக்கே போயின.

வீட்டில் பேய் வீடு கட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ஹாலோவீன் இரவு என்றால் ஊருக்கே தலைவலி. பையன்கள் கார்களைக் கவிழ்த்தார்கள், தொலைபேசிக் கம்பங்களை அறுத்தார்கள். அவர்களை வீட்டுக்குள் இழுக்க வேண்டி, பெற்றோர்கள் தெரு சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வீட்டின் நிலவறையும் ஒரு பயங்கர அறை. பச்சை ஈரல் துண்டு தொங்கும், நனைந்த பஞ்சு முகத்தில் உரசும், இருட்டில் யாரோ முனகுவார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் பயந்துகொண்டே போய், கடைசி வீட்டில் தின்பண்டம் வாங்கிக்கொள்வார்கள். ஆக, அமெரிக்கப் பேய் வீட்டின் தொடக்கமே பிள்ளை வளர்ப்புதான். பிறகு 1960, 70களில் ஜேசீஸ் இளைஞர் அமைப்பினர் இதைக் கையில் எடுத்தார்கள். நம் சிறு நகரங்களிலும் ரத்த தான முகாம் நடத்துகிற அதே ஜேசீஸ்தான். காலியாகக் கிடக்கும் கட்டடத்தைப் பேய் வீடாக்கி, டிக்கெட் காசை நற்பணிக்குத் தந்தார்கள்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் இதற்கு இன்னொரு ஊற்றும் உண்டு: சினிமா. லோன் சேனி 'பேன்டம் ஆஃப் தி ஆபரா'வுக்காக 1925இல் தன் முகத்தைத் தானே சிதைத்துக்கொண்டதும், ஜாக் பியர்ஸ் 1931இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' பட அரக்கனின் தட்டையான தலையை உருவாக்கியதும் இங்கேதான். இந்தக் கலைஞர்களைக் கொண்டாட 1958இல் 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்ற இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபாரஸ்ட் ஆக்கர்மன். 1939இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மர்ட்டில் டக்ளஸ் தைத்துத் தந்த எதிர்கால உடையோடு போனவர் அவர். மாநாடுகளில் இன்று வேடம் போட்டு வருகிற எல்லோருக்கும் அவ்விருவரும் முன்னோடிகள். அந்த இதழைப் படித்து வளர்ந்த தலைமுறையில் ரிக் பேக்கர் போன்றவர்கள் வந்தார்கள். ஒப்பனைக்கென்று ஆஸ்கர் ஒரு தனிப்பிரிவு தொடங்கியபோது, 1982இல் முதல் பரிசை வாங்கியவர் பேக்கர். 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்துக்காக. அதே பேக்கர் இளைஞராக இருந்தபோது, பர்பேங்க்கில் பாப் பர்ன்ஸ் என்ற சேகரிப்பாளரின் வீட்டில் கூலி எதுவும் வாங்காமல் ஹாலோவீன் காட்சிகள் கட்ட உதவியிருக்கிறார். 1979இல் 'ஏலியன்' படம் வந்தபோது அதில் வரும் விண்கலத்தின் உட்புறத்தையே பர்ன்ஸ் தன் வீட்டுக் கொல்லையில் எழுப்பி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போனார்.

மாநாட்டில் நடக்கும் செய்முறை வகுப்புகளில் உட்கார்ந்தால் அந்தக் கொல்லையின் வாரிசுகளைப் பார்க்கலாம். அங்கே பேசப்படுவதெல்லாம் பொருட்களைப் பற்றி. சுவர்ப் பலகைகளின் இடுக்கை அடைக்கும் ஜாயின்ட் காம்பவுண்ட் ஐந்து பங்கு, வெளிப்புறச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் ஒரு பங்கு. இரண்டையும் குழைத்தால் 'மான்ஸ்டர் மட்'. பழைய கோணிச் சாக்கை அதில் முக்கி, கம்பிச் சட்டத்தின்மேல் போர்த்தினால், மறுநாள் கல்லாக இறுகிய அங்கி தயார். கடையில் விற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சூடான காற்றைப் பாய்ச்சினால் அது சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். மேலே மரத்துக்கு அடிக்கும் பழுப்புச் சாயம் பூசினால் காய்ந்த தோல். காரின் வைப்பர் மோட்டாரை எடுத்து ஒரு பொம்மையின் கழுத்தில் பொருத்தினால், அது மெதுவாகத் தலையைத் திருப்பும். மெதுவாகத் திருப்புவதுதான் முக்கியம். வேகம் திடுக்கிட வைக்கும். மெதுவான அசைவு அடிவயிற்றைக் கலக்கும்.

இன்னும் பழைய வித்தைகளும் உயிரோடு இருக்கின்றன. 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்துவைத்து, மேடைக்குக் கீழே மறைந்திருக்கும் நடிகரின் பிரதிபலிப்பை மேடைமேல் ஆவியாக நிற்கவைத்தார். டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த 'ஹாண்டட் மேன்ஷன்' மாளிகையின் நடனக் கூடத்தில் ஆவிகள் சுழன்றாடுவது அதே கண்ணாடித் தந்திரம்தான். இப்போது கார் ஷெட்டில் அதைச் செய்கிறவர் ஒரு அக்ரிலிக் தகட்டையும் பழைய டேப்லெட்டையும் வைத்து முடித்துவிடுகிறார். அதற்கும் முன்னே, 1790களின் கடைசியில், புரட்சியின் ரத்தம் காயாத பாரிஸில் ராபர்ட்சன் என்பவர் கைவிடப்பட்ட கன்னிமடம் ஒன்றில் மாய விளக்கால் ஆவிகளைத் திரையில் ஓடவிட்டார். காட்சிக்கூடத்துக்குப் போகுமுன் பார்வையாளர்களை நீண்ட இருண்ட நடைகளின் வழியே நடக்கவைத்தார். காத்திருக்கும் வரிசையிலேயே பயத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது.

இரண்டு சம்பவங்கள், இரண்டு பாடங்கள்

மாநாட்டு மையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், இன்று கடைத்தொகுதியாக இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் 'தி பைக்' என்ற கடலோரக் கேளிக்கைத் திடல் இருந்தது. அங்கே 'லாஃப் இன் தி டார்க்' என்று ஒரு பேய்ச் சவாரி. 1976 டிசம்பரில் 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக்காக ஒரு குழு உள்ளே போனது. தூக்கில் தொங்கும் ஒரு மெழுகு பொம்மை, இருட்டில் ஒளிரும் சாயம் பூசியது, இடைஞ்சலாக இருந்தது. ஒருவர் அதை நகர்த்தினார். கை கழன்று வந்தது. உள்ளே எலும்பு தெரிந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பிணக்கூறாய்வு அலுவலகம் அந்த உடலைப் பரிசோதித்தது. வாய்க்குள் 1924ஆம் ஆண்டின் ஒரு சென்ட் நாணயமும் ஒரு குற்றக் கண்காட்சியின் டிக்கெட் துண்டுகளும் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டே போய் ஆளைக் கண்டுபிடித்தார்கள்: எல்மர் மெக்கர்டி. 1911 அக்டோபரில், ரயில் கொள்ளை ஒன்றுக்குப் பின் ஓக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்டவர். உடலுக்கு ஆர்சனிக் ஏற்றிப் பதப்படுத்திய சவ அடக்கக்காரர், உரிமை கோரி யாரும் வராததால் அதைக் காட்சிக்கு வைத்தார். 1916இல் உறவினர் என்று சொல்லிக்கொண்டு வந்து வாங்கிப்போனவர்கள் உண்மையில் கேளிக்கைக் கம்பெனிக்காரர்கள். அதன்பிறகு ஊர் ஊராக, கைமாறிக் கைமாறி, கடைசியில் அது மனித உடல் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. இறந்து 65 ஆண்டுகள் அந்த மனிதருக்கு மண் கிடைக்கவில்லை. 1977 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் கத்ரியில் அவரை அடக்கம் செய்தார்கள். இனி யாரும் தோண்டி எடுக்கக் கூடாது என்று சவப்பெட்டியின்மேல் கான்கிரீட் ஊற்றினார்கள்.

இந்தக் கதையை வினோதச் செய்தியாகச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சவாரியில் போனவர்கள் ஒரு மனிதரின் உடலைப் பார்த்து அலறிச் சிரித்திருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள்; அவமதிக்கப்பட்டவர் அவர். பேய் வீட்டின் மொத்த ஒப்பந்தமும் ஒன்றுதான்: உள்ளே இருப்பது எதுவும் உண்மையில்லை. 'மான்ஸ்டர் மட்'டும் பிளாஸ்டிக் எலும்பும் கொண்டு இரவெல்லாம் உழைக்கிறவர்கள் காப்பாற்றுவது அந்த ஒப்பந்தத்தை.

அது முறிந்த இன்னொரு நாள் 1984 மே 11. நியூ ஜெர்சியின் ஜாக்சன் ஊரில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் 'ஹாண்டட் காசில்'. டிரெய்லர் வண்டிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய பேய் மாளிகை. தற்காலிகக் கட்டுமானம் என்ற கணக்கில், தீயணைப்புத் தெளிப்பான்களும் இல்லை, புகை உணரும் கருவிகளும் இல்லை. உள்ளே ஓரிடத்தில் விளக்கு வேலை செய்யாததால் இருட்டில் வழி தேடிய ஒரு பையன் லைட்டரைப் பற்றவைக்க, சுவரில் மோதாமலிருக்க ஒட்டியிருந்த ஃபோம் மெத்தையில் தீப்பிடித்தது. எட்டு பதின்வயதினர் உள்ளேயே இறந்தார்கள். அவர்களின் உடல்களைப் பார்த்த மீட்புப் பணியாளர்கள், அவை மாளிகையின் பொம்மைகள் என்றே முதலில் நினைத்தார்கள். நிறுவனத்தின்மேல் வழக்கு நடந்தது. மறு ஆண்டு நடுவர் குழு விடுதலை செய்தது. ஆனால் சட்டம் மாறியது.

இன்று அமெரிக்கக் கட்டட விதிகளில் பேய் வீட்டுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதில் ஒரு ஏற்பாட்டை நினைத்து நினைத்து வியக்கிறேன். புகை உணர்கருவி இயங்கிய உடனே, வெளியேறும் பாதையின் விளக்குகள் தானாக எரிய வேண்டும். அதே கணத்தில் குழப்பும் சத்தங்களும் காட்சிகளும் தானாக நிற்க வேண்டும். அதாவது, பயமுறுத்துவதற்காகச் செய்த அத்தனையும் ஒரே நொடியில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும். அந்த எட்டுப் பிள்ளைகளின் பெயரால் எழுதப்பட்ட வரி என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இருட்டுக் கூடத்தில் ஒவ்வொரு சிறு பேய் வீட்டின் பின்புறமும் போய்ப் பார்த்தால் தீயணைப்பான் கண்ணில் படும். துணிகளில் தீத்தடுப்பு மருந்து தெளித்திருக்கிறார்கள். தொங்கும் கந்தல் ஒவ்வொன்றும் அப்படித்தான். அவசர வழியைக் காட்டும் பச்சை விளக்கு அவர்கள் கட்டிய இருட்டைக் கெடுக்கத்தான் செய்கிறது; ஆனால் அதை யாரும் மறைப்பதில்லை.

பயம் எந்த அளவில் இன்பமாகிறது என்பதை ஆய்வாளர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் மதியாஸ் கிளாஸன் முதலானோர் நடத்தும் கேளிக்கை அச்ச ஆய்வகம், வைலே ஊரிலுள்ள 'டிஸ்டோபியா' பேய் வீட்டில் 110 பேரின் மார்பில் இதயத் துடிப்பு அளவியைக் கட்டி உள்ளே அனுப்பியது. 2020இல் வந்த முடிவு: பயம் குறைவாக இருந்தாலும் இன்பம் குறைவு, அளவு மீறினாலும் குறைவு, நடுவில் ஒரு உச்சம். சுத்தியலைத் தொட்டுப் பழகிய கைகளுக்கு இது ஏற்கெனவே தெரியும். அந்த உச்சம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் தெரியும். அதனால்தான் வாசலில் நிற்பவர் வரிசையில் வருகிறவர்களின் முகத்தைப் படிக்கிறார். அம்மாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்திருக்கும் குழந்தையைக் கண்டால் உள்ளே ஒரு சைகை போகிறது. அரக்கன் இரண்டடி பின்னால் நின்று, கையசைத்து வழியனுப்புகிறான்.

2021இல் கால்டன் ஸ்க்ரிவ்னர் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, கொரோனாவின் தொடக்க மாதங்களில் திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் மனத்தளவில் குறைவாகவே கலங்கியிருந்ததாகச் சொன்னது. திகில் பார்த்ததால்தான் திடம் வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. திடமானவர்கள் திகிலைத் தேடியிருக்கலாம். ஆனாலும் மாநாட்டுக் கூட்டத்தின் நடுவே நின்றவர்களுக்கு அந்த முடிவு வியப்பாக இருக்காது.

இந்த மாநாட்டில் 'பிளாக் கேட் லவுஞ்ச்' என்று ஒரு மூலை இருக்கிறது. காப்பகங்களில் வாழும் பூனைகளை அங்கே கொண்டுவந்து, தத்தெடுக்கத் தருகிறார்கள். கறுப்புப் பூனை குறுக்கே போனால் ஆகாது என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் உண்டு. சூனியக்காரியின் துணை என்று பழிசுமத்தப்பட்ட அந்தப் பிராணிகளை, சூனியக்காரி வேடம் போட்டவர்கள் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

துறைமுகத்தின் மறுகரையில் 'குவீன் மேரி' கப்பல் நிற்கிறது. 1936இல் முதல் பயணம் போய், 1967இலிருந்து லாங் பீச்சிலேயே தங்கிவிட்ட பெருங்கப்பல். 2010 முதல் 2019 வரை ஹாலோவீனுக்கு அதையும் பேய்க் கப்பலாக்கினார்கள். அதில் ஆவிகள் உலவுவதாக நம்பி வருகிறவர்கள் நிறைய. கூடத்தில் கட்டிக்கொண்டிருக்கும் கைவினைஞர்களை மலைப்போடு பார்த்த எனக்கு ஆவி தேடிப் போகத் தோன்றவில்லை.

ஞாயிறு பிற்பகல் கூட்டம் மெல்லக் கரையத் தொடங்கியபின்னும் சில பேய் வீடுகளில் வரிசை குறையவில்லை. இங்கே கட்டியது பெரும்பாலும் ஒரு ஒத்திகை. சுவர்ப் பலகைகளில் எண் எழுதியிருக்கிறார்கள். கழற்றி வண்டியில் ஏற்றி, அக்டோபரில் தங்கள் தெருவில் மறுபடி பூட்டுவார்கள். அப்போது பெரும்பாலான வீடுகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு உண்டியல் இருக்கும். விழுகிற காசு உணவு வங்கிக்கோ பள்ளிக்கோ போகும்.

ஒரு பேய் வீட்டின் வெளிவாசலில், அதைக் கட்டியவர் அழுக்கான மேலுடையோடு நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த அறையில் பயந்தீர்கள், எந்த அறையில் சிரித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொஞ்சம் யோசித்து, மூன்றாவது அறையில் பலகை விழப்போவது தனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அதன் விளிம்பில் வெளிச்சம் கசிகிறது என்றாள். அவர் அதைத் தன் சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். எந்தப் பக்கத்து விளிம்பு என்று அவளிடம் மறுபடி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். பிறகு வரிசையைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்குரூடிரைவரும் கறுப்பு டேப்புமாக உள்ளே போனார்.